எங்கள் வீட்டு முறை

ஓகஸ்ட் 17, ஞாயிறு

மேற்கிலிருந்து கச்சான் காற்று. விடிந்ததிலிருந்தே வெயில். செல்வி அக்கா வீட்டு முறை இன்று, மலசலகூடக் குழி. ஆண்கள் இறங்கி வெட்டினார்கள். நாங்கள் மண்ணைத் தாச்சியில் வாங்கி வேலியோரம் கொட்டினோம். வலது உள்ளங்கையில் கொப்புளம். மத்தியானத்துக்கு முன்னமே உடைந்துவிட்டது.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எல்லா ஊரிலும் இப்படியா, எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில் மட்டும்தானா, தெரியாது. ஞாயிறு என்றால் ஒரு வீட்டு வேலைக்கு மற்ற எல்லா வீட்டிலிருந்தும் ஒவ்வொரு ஆள். கூலி இல்லை. வேலை நடக்கிற வீடு தேத்தண்ணியும் மத்தியானச் சோறும் கொடுக்கும். வெள்ளம் வந்த வருசம் வீடு வீடாகச் சேறு வழித்தபோது தொடங்கியது. சேறு முடிந்தது, முறை நிற்கவில்லை. இந்த ஞாயிறு யாருக்கு, யார் வீடு இன்னும் நாள் கொடுக்க இருக்கிறது, எல்லாம் பூமணி மாமியின் தலைக்குள். (இனி பூ.மா. என்று எழுதுவேன். கை எரிகிறது.)

எங்கள் வீட்டு நாளை நான்தான் கொடுக்கிறேன். அப்பா இரவு முழுக்க வாவியில், விடிந்தால் நித்திரை. தங்கச்சி துளசிக்கு ஒன்பது வயது. அம்மா குவைத்தில். ஆகவே நான். பள்ளிக்கூடத்தை விட்டதும் இதே கணக்கில்தான், ஓ.எல் சோதனை எழுதாமல். அது இப்போது வேண்டாம்.

குணம் மேசன் மாமா குழிக்குள் நின்று: "இந்த வதனி கதைச்சு ஆராவது கேட்டிரிக்கீங்களா? நானெண்டா இவளுக்குப் பல்லிரிக்கா எண்டே காணல்ல." குழிக்குள்ளும் வெளியிலும் சிரிப்பு. நான் தாச்சியோடு வேலிப் பக்கம் போய்விட்டேன். அங்கே நின்று நானும் கொஞ்சம் சிரித்தேன், யாரும் காணவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவும்போது பூ.மா. சொன்னா: "அடுத்த ஞாயிறு ராணி வீட்டு முறை."

ராணி என்றால் அம்மா.

"எங்கட வீடா மாமி?"

"ஓம் மனே. மாரிக்கு முதல் கூரை ஏறணும். எவ்வளவு காலமா அந்தச் சுவர் மழைய குடிச்சிக்கிட்டு நிக்கிற."

குணம் மாமா: "பல்லிரிக்குடா."

வீட்டுக்கு வந்து அந்தச் சுவர்களைச் சுற்றி நடந்தேன். யன்னல் மட்டத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி நிற்கிறது. உள்ளே எருக்கலை முளைத்திருக்கிறது. கல்லும் மரமும் கூரைச் சீற்றும் அம்மா எப்போதோ அனுப்பியதில் வாங்கி, படங்கு போட்டு மூடிக் கிடக்கிறது. மேசன் கூலிக்கு இல்லாமல்தான் நின்றது. நாங்கள் இருப்பது பின்னால் தகரக் கொட்டிலில்.

அம்மா போகும்போது சொன்னது: "கூரையும் கதவுமா உனக்கொரு வீடு. அது முடிஞ்ச கையோட நான் பிளைற் ஏறுவன்." எங்கள் பக்கம் வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் இங்கே வந்து இருப்பார். எனக்கு மாப்பிள்ளை ஒன்றும் வேண்டாம். வீடு வேண்டும். முடிந்த வீடு.

கார்த்திகையில் அம்மாவின் அக்கிரிமெண்ட் முடிகிறது. கூரை அதற்கு முதலே ஏறிவிடும். எழுதவே பயமாக இருக்கிறது, எழுதினால் கலைந்துவிடும் போல.

ஓகஸ்ட் 20, புதன்

ஞாயிறுக்கு:
அரிசி (வீட்டில் இருக்கிறது, போதும்)
தேங்காய், பூ.மா. வளவில் பொறுக்கலாம் என்றா
சீனி, தேயிலை
பருப்பு, பூசணி
இறால், அப்பா பொறுப்பு
பெரிய பானை, செல்வி அக்காவிடம்
எருக்கலை வெட்டவேண்டும்

எருக்கலையை வெட்டிவிட்டேன். பால் கையில் பட்டுக் கொப்புளம் இன்னும் எரிகிறது. துளசி வெறும் சுவருக்குள் நின்று "இது அம்மாட அறை, இது என்ட அறை" என்று காலால் கோடு கிழித்தாள். எனக்கு அறை இல்லையா என்று கேட்டேன். "நீ குசினி, அடுப்போட" என்றாள்.

ஓகஸ்ட் 22, வெள்ளி

அம்மாவின் போன் கோல். வெள்ளியில்தான் நேரம் கிடைக்கும். துணி தோய்க்கிற மெசின் வைத்திருக்கிற சின்ன அறையில் நிலத்தில் இருந்து கதைப்பா. அந்த மெசின் சத்தம் எனக்குப் பாடம். முதலில் மெதுவாகச் சுற்றும், பிறகு உதறும், கடைசியில் விமானம் எழும்புகிற மாதிரி இரைந்து நிற்கும். நின்றால் அம்மாவும் எழும்பவேண்டும். இரைச்சல் தொடங்கியவுடன் நான் அவசரப்படுவேன். அதற்குப் பிறகு சொல்கிற எதுவும் சரியாக வராது.

வீட்டு முறையைப் பற்றிச் சொன்னேன்.

"கூலி இல்லாம ஆரு மகள் வருவாங்க?"

"நாங்களும் நாள் குடுத்திரிக்கமே அம்மா."

"ஆரு குடுத்த? அப்பாவா?"

"நான்."

"மண் சுமந்தியா?" என்று கேட்டா. கையைக் காட்டச் சொன்னா. இடது கையைக் காட்டினேன்.

துளசி இடையில் புகுந்து, "அக்கா, அம்மா மூணு வீதம்தான் இரிக்கா, சார்ஜில போடு" என்றாள். இவளுக்கு அம்மா என்றால் போனுக்குள் இருக்கிற ஆள். அம்மா போகும்போது இவள் நடக்கப் பழகின புதுசு. இடையில் ஒரு முறை வந்து நின்றபோது பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று அழுதாள். அம்மா அந்த லீவில் பாயில் தனியாகப் படுத்தது எனக்கு நினைவிருக்கிறது. நான் போய்ப் படுத்திருக்கலாம். பெரிய பிள்ளை என்று வெட்கப்பட்டேன்.

பின்னேரம் அப்பாவிடம் கேட்டேன், அம்மா என்னைவிட உயரமா என்று. போனில் முகம்தான் தெரியும், உயரம் தெரியாது.

அப்பா வலையில் பாசி பொறுக்கியபடி: "நீ வளந்துட்டாய்."

அது பதில் இல்லை.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

எங்கள் முறை. வெள்ளன எழும்பி மூன்று கல்லு வைத்து அடுப்பு மூட்டினேன். ஆட்கள் வரமாட்டார்கள் என்று ஒரு பயம். வந்தார்கள். வேலிக் கடப்படியில் முதல் காலடி செல்வி அக்கா, இடுப்பில் பெரிய பானை. பிறகு ஒவ்வொருவராக. பூ.மா. வரும்போதே வாயும் வந்தது: "சீமெந்தக் குழைக்கச் சொன்னா கஞ்சி காய்ச்சிரிக்கான். குணம், இது சுவருக்கா உனக்கா?"

"எனக்குத்தான் மாமி. மிச்சத்தச் சுவருக்குப் பூசுவன்."

"உன்ட பொஞ்சாதி பாவம் கா."

கல் மேலே மேலே போனது. நான் தேத்தண்ணிக் கேத்தலோடு நடந்துகொண்டே இருந்தேன். யார் கேட்டாலும் தலையை ஆட்டினேன். எங்கள் சுவரில் இத்தனை பேருடைய கை. அந்த நேரம் அம்மாவை நினைத்தேன். அவ அங்கே யாருடைய யன்னலையோ துடைத்துக்கொண்டிருப்பா. இங்கே அவவுடைய யன்னலுக்கு மேல் லின்டல் வைக்கிறார்கள், அவ இல்லை.

இறால் கறி நல்லது என்றார்கள். உப்புக் கொஞ்சம் கூட. எனக்குத் தெரியும்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

இரண்டாம் நாள். சுவர் முடிந்தது. தோள் நோவு. வேறு எழுத ஏலாது.

செப்டெம்பர் 7, ஞாயிறு

முகட்டு வளை, கூரையின் நடு மரம், ஏற்றினார்கள்.

மரவேலைக்கு மீரான் காக்கா காத்தான்குடியிலிருந்து வந்தார். வெள்ளத்தில் அவர் மரம் அரிந்து விற்கிற மரக்காலை மூழ்கியபோது எங்கள் ஒழுங்கை ஆட்கள் தோணி கொண்டுபோய், மிதந்த மரங்களைக் கயிற்றில் கட்டி இழுத்துக் கொடுத்தார்கள். அதிலிருந்து மரவேலை உள்ள முறைக்கு அவரும் ஒரு வீடு. அவர் வருகிற நாளில் கோழி சமைப்பதில்லை, ஓதி அறுக்காதது அவருக்கு ஆகாது, இறாலோ நண்டோதான். யாரும் அதைப் பேசி வைக்கவில்லை, அப்படியே பழக்கம்.

நல்ல நேரம் பார்த்து வளையில் மாவிலை கட்டி மஞ்சள் பூசினோம். அம்மா, வேலை செய்கிற வீட்டு மேடத்திடம் கேட்டு அரைமணி நேரம் வாங்கியிருந்தா. துளசி போனை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆண்கள் கயிற்றில் இழுக்க வளை ஆடி ஆடி மேலே போனது. மீரான் காக்கா சுவர் மேல் குந்தி இருந்து, "அல்லாட காவல், புடிங்க, விட்டுராதீங்க" என்றார். கீழே அப்பா தேங்காய் உடைத்தார். சரி பாதி. எல்லோருக்கும் சந்தோசம். போனுக்குள் அம்மா தோளில் கிடந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தா.

அப்போதுதான் பூ.மா. போனைப் பார்த்துக் கத்தினா: "ராணி, மூத்தவளுக்கு முகடு ஏறித்து. அந்தா பக்கத்து வெறும் வளவு, அது சின்னவளுக்கு. அதுக்கும் நாங்கதான் கல் சுமக்கணுமா கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு: "ஓம் மச்சாள். அதத்தான் நானும் யோசிச்சன். இதுக்கு உங்கட கை இரிக்கு எண்டா, மிச்சம் புடிச்சு அவளுக்கும் ஒண்டு தொடங்கிரலாம். மேடம் இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கேக்கிறா. எழுதிக் குடுத்தா அந்த வேலையும் முடிஞ்சிரும்."

செல்வி அக்கா: "நல்லம் ராணி அக்கா. ரெண்டு புள்ளைக்கும் கரை கண்ட மாதிரி."

மற்றவர்களும் நல்லம் நல்லம் என்றார்கள். உண்மையிலேயே எங்களுக்காகச் சந்தோசப்பட்டார்கள். அப்பா தேங்காய்ப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான் அடுப்படிக்குப் போனேன். நண்டு கொதித்து வழிந்து நெருப்பு பாதி அணைந்து கிடந்தது. ஊதினேன். புகை. கண் கலங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

செப்டெம்பர் 8, திங்கள்

வீடு முடியாவிட்டால் அம்மா வரமாட்டா. வீடு முடிந்தாலும் வரமாட்டா. நேற்று ராத்திரி இதையே நினைத்துக் கிடந்தேன்.

அப்பாவோடு கதைத்தேன். அப்பாவோடு கதைப்பது என்றால் அவர் வலை பின்னும்போது பக்கத்தில் நின்று அங்கே இங்கே பார்த்துச் சொல்வது.

"அப்பா, அம்மாவ வரச் சொல்லுங்க."

"நான் கேட்டா அவள் வந்திருவாள்."

"அப்ப கேளுங்க."

"பொம்புளப் புள்ள ரெண்டு. வீடு ஒண்டு. நாளைக்குத் துளசி வீடில்லாம வளந்து நிக்கக்குள்ள, அப்பன் சொல்லித்தான் ஆத்தாக்காரி வந்தாள் எண்டு நான்தான் பேச்சுக் கேக்கணும்."

"வீட்ட துளசிக்கு எழுதுங்க. எனக்கு வேணாம்."

ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "மூத்தவள வெறுங்கையோட விட்டுத்து இளையவளுக்குக் குடுத்தா, அம்மா அந்த வீட்டு வாசல்ல கால் வைப்பாளா?"

மாட்டா. தெரியும்.

வாவியில் தண்ணீர் வற்றிக் கரை வெளியே தெரிகிறது. கொக்குகள் நிறைய. துளசி கணக்குப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டாள், திட்டினேன், பிறகு பாய்க்குக் கீழே இருந்தது.

செப்டெம்பர் 12, வெள்ளி

கோல் வருமுன் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் இல்லை, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து. "அம்மா, வாங்க." இரண்டு சொல்.

அம்மா சொன்னா, மேடம் பேப்பரைக் கொண்டுவந்து வைத்துவிட்டாவாம், மாத முடிவுக்குள் கையெழுத்து. சம்பளமும் கொஞ்சம் கூட்டுவாவாம். இடுப்பு நோவுக்கு எண்ணெய் வாங்கிப் பூசுகிறாவாம். மெசின் உதறத் தொடங்கியது.

பிறகு அம்மா கேட்டா: "நீ என்ன சொல்றாய் மகள்?"

என்னைத்தான் கேட்டா. வேறு யாரையும் இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பதில் வரும்வரை பொறுத்துக்கொண்டு இருந்தா.

"உங்கட விருப்பம் அம்மா" என்றேன்.

"ம்" என்றா. மெசின் நின்றது. எழும்பினா.

இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அடிக்கவேண்டும் போல இருக்கிறது. அம்மா அந்த நேரம் எதையோ எதிர்பார்த்தா. நான் வாங்க என்று சொல்லியிருந்தால் மறுத்திருக்கலாம், அழுதிருக்கலாம், ஏசியிருக்கலாம். ஆனால் கேட்டிருப்பா. எனக்கு அம்மா வேணும் என்பது அம்மாவுக்கே தெரியாமல் இன்னும் இரண்டு வருசம் போகப்போகிறது. நான் நல்ல பிள்ளை, பொறுப்பான பிள்ளை, ஒன்றும் கேட்காத பிள்ளை என்று அவ அங்கே யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பா.

செப்டெம்பர் 14, ஞாயிறு

சீற் போட்டு முடிந்தது. வீட்டுக்குள் முதன்முதலாக நிழல். உள்ளே நின்று பார்த்தேன், குளிர்ச்சி. சீமெந்து மணம்.

சாப்பாடு புது வீட்டுக்குள்ளேயே. எல்லோரும் நிலத்தில் வரிசையாக இருந்தார்கள். நான் சோறு போட்டுக்கொண்டு வந்தேன். பூ.மா. அடுத்த முறையைச் சொன்னா: "இனி மாரி. வேலையெல்லாம் தை பொறந்தாத்தான். தையில முதல் முறை என்ட கிணத்துக்கட்டு. அது இடிஞ்சு விழுது, போன கிழமை ஒரு கோழி உள்ளுக்க. வதனி, ஆரு வராட்டியும் நீ வருவாய்தானே மனே."

"இல்ல" என்றேன்.

நான்தான் சொன்னேன். சோற்றுக் கரண்டி கையில்.

"என்ன?"

"நான் வரமாட்டன் மாமி. இனி முறைக்கு வரமாட்டன்."

குணம் மாமா: "கூரை ஏறின கையோட ஆளுக்கு வாயும் வந்துத்து. நல்லாயிரிக்கு."

செல்வி அக்கா: "எலும்பு முறியச் செஞ்சம் புள்ள. இப்பிடிச் சொல்லலாமா?"

காது இரண்டும் சூடாகிவிட்டது. ஓடிவிடவேண்டும் போல இருந்தது. வாசல் பக்கம் அப்பா இருந்தார், ஓடவும் இடம் இல்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். சத்தமாகச் சொன்னேனா மெதுவாகச் சொன்னேனா தெரியாது.

"நான் குடுத்த நாளெல்லாம் அம்மாட நாள். வீடு அம்மாட முறையில வந்த. ராணி வீடு எண்டுதானே நீங்க சொல்ற, வதனி வீடு எண்டு சொல்றல்லயே. அம்மாட நாள அம்மாட்டக் கேளுங்க. நான் குடுத்துக்கிட்டே இருந்தா அவங்க அங்கயே இருந்திருவாங்க. என்ட கைய இனி எடுக்காதீங்க மாமி."

மீரான் காக்கா தண்ணீர்க் கோப்பையை எடுத்து மெதுவாகக் குடித்தார். பூ.மா. சோற்றைப் பிசைந்தபடியே இருந்தா, வாயில் வைக்கவில்லை. பிறகு எழும்பிக் கை கழுவி, சேலையில் துடைத்து, போயித்து வாறன் என்றுகூடச் சொல்லாமல் கடப்பைத் தாண்டிப் போய்விட்டா.

மற்றவர்களும் சுறுக்காக எழும்பிவிட்டார்கள். கறி மிச்சம். பானையைக் கழுவிச் செல்வி அக்கா வீட்டு வேலியோரம் வைத்துவிட்டு, கூப்பிடாமல் வந்தேன்.

அப்பா வலையை எடுத்துக்கொண்டு போகும்போது என் தலையில் கை வைத்தார். ஒரு நாளும் வைப்பதில்லை.

செப்டெம்பர் 16, செவ்வாய்

நேற்று முழுக்க வீட்டை விட்டு வெளியே போகவில்லை. உப்பு முடிந்தது. கடைக்குப் போகவேண்டும் என்றால் பூ.மா. வாசலால் போகவேண்டும். உப்பில்லாமல் பருப்பு. துளசி துப்பினாள்.

நன்றி கெட்டவள் என்று பேசிக்கொள்வார்கள். நியாயம்தானே. யாருடைய முதுகு வளைந்து இந்தக் கூரை நிற்கிறது. அதற்குள் நின்றே நான் சொன்னேன்.

பின்னேரம் பூ.மா. வந்தா. கையில் ஒரு பொட்டலம், உப்பு. துளசி போய்ச் சொல்லியிருக்கிறாள். புது வீட்டு வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றா.

"அந்த வளவுக் கதைய நான் பகிடிக்குத்தான் சொன்னன்."

"தெரியும் மாமி."

"என்ட பகிடியக் கேட்டு ஒருத்தி ரெண்டு வருசம் எழுதிக் குடுக்கப் போறாள். வாயால வந்த வினை." வெற்றிலையைத் துப்பினா. "நீ ஏன் புள்ள இதுக்கு முதல் சொல்லல்ல?"

"ஆரு கேட்ட?"

அவ சிரித்தா, ஆனால் முகம் சிரிக்கவில்லை. "அதுஞ் சரிதான். நீ தலையாட்டினா நாங்க ஓம் எண்டு எடுத்தம். வெள்ளிக்கிழமை போன எங்கிட்டத் தரணும், விளங்கிச்சா? நீ கதைச்சா அழுவாய். உன்ட அப்பன் கதைச்சா வலையத்தான் பாப்பான்."

செப்டெம்பர் 19, வெள்ளி

மத்தியானத்துக்குப் பிறகு மேற்கில் இருட்டி மழை. இடியோடு. தகரக் கொட்டிலில் எப்போதும்போல இரண்டு இடத்தில் ஒழுக்கு. புது வீட்டுக்குள் ஒரு சொட்டும் இல்லை. பாயைக் கொண்டுபோய் அங்கே விரித்தேன்.

பூ.மா. கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தா. பின்னால் செல்வி அக்கா. பின்னால் குணம் மாமா, "நான் கூரை ஒழுகுதா எண்டு பாக்க வந்த" என்று. யாரும் நம்பவில்லை.

கோல் வந்தது. மழைச் சத்தத்தில் மெசின் சத்தம் கேட்கவில்லை. பூ.மா. போனை வாங்கித் தன் மூக்குக்குக் கிட்டப் பிடித்தா. அம்மாவுக்கு மூக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"ராணி, உன்ட நாள் நிக்குது கா."

"என்ன நாள் மச்சாள்?"

"உன்ட வீட்டுக்கு ஊர் முழுக்க வந்து செஞ்சம். நீ ஒரு நாளும் குடுக்கல்ல."

"புள்ள குடுத்தாளே."

"புள்ளட கைய இனி நாங்க எடுக்கிறல்ல. அவளும் தரமாட்டாளாம், எல்லாருக்கும் முன்னால சொல்லித்தாள். வீட்டுக்காரிதான் வரணும்."

அம்மா பயந்துவிட்டா. குரலில் தெரிந்தது. "அப்ப கூலிக் கணக்கச் சொல்லுங்க மச்சாள், நான் அனுப்புறன்."

"ஒழுங்கையில ஆரும் காசு எடுத்தமா? நாள்தான் எடுக்கிற. உன்ட கையால, உன்ட முதுகால. வந்து மண் சும."

"சின்னவளுக்கு வீடு மச்சாள்..."

"சின்னவளுக்கு ஒன்பது வயசு. அவள் பெரிய புள்ளையாகி நிக்கிற நேரம் முறை சுத்தி வராதா? நாங்க செத்தா போயிருவம்? அவளுக்குக் கல் சுமக்க நானிரிக்கன், குணமிரிக்கான், இந்தா மழைக்குள்ள நனைஞ்சு நிக்கான் பாரு. ஆனா நீ நாள் குடுக்காத வீட்டுக்கு ரெண்டாவது முறை இல்ல. அது ஒழுங்கைச் சட்டம்."

அப்படி ஒரு சட்டம் இல்லை. செல்வி அக்கா வாயைப் பொத்திக்கொண்டா. குணம் மாமா கூரையையே பார்த்தபடி, "ஓம் ஓம், சட்டந்தான்" என்றார்.

பூ.மா. போனை என் கையில் வைத்துவிட்டு மற்ற இருவரையும் தள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டா. கதவு இல்லை, எல்லாம் கேட்கும். இருந்தாலும் போனா.

அம்மாவும் நானும். அம்மாவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"நீதான் சொன்னியா மகள்?"

"ஓம்."

"முறைக்குப் போகமாட்டன் எண்டு?"

"ஓம் அம்மா. வாங்க."

சொல்லிவிட்டேன். இரண்டு சொல்லும். மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது, கேட்டதா இல்லையா என்று பார்த்தேன். கேட்டிருக்கிறது. அம்மா முகத்தை மெசின் பக்கம் திருப்பிக்கொண்டா. கழுத்தும் காதும்தான் தெரிந்தது. காதில் தோடு இல்லை, துளை அடைபடாமல் ஒரு குச்சி.

திரும்பினபோது மூக்கு சிவந்திருந்தது. கேட்டா: "அடுத்த முறை ஆருட வீடு?"

"பூமணி மாமிட. கிணத்துக்கட்டு."

"எப்ப?"

"தையில."

அம்மா விரல்களில் எதையோ மடக்கிப் பார்த்தா. "அந்தக் கிணத்தடி ஒரே சேறாக் கிடக்குமே. எனக்கு ஒரு பழைய சட்டை எடுத்து வை மகள். சீமெந்து பட்டா நல்ல உடுப்புப் பழுதாப் போகும்."

அடுத்த அறையிலிருந்து பூ.மா. மூக்குச் சிந்துகிற சத்தம்.

செப்டெம்பர் 20, சனி

மழை விடவில்லை. முற்றம் முழுக்கத் தண்ணீர். அப்பா வாவிக்குப் போகவில்லை, புது வீட்டுக்குள் படுத்துக் குறட்டை. நேற்று விசயம் சொன்னபோது "ஓ" என்றார். பிறகு எழும்பிப் போய்த் தோணியை மூடிவிட்டு வந்தார், அது ஏற்கனவே மூடித்தான் கிடந்தது.

விடிந்ததும் அம்மாவின் பெட்டியைத் திறந்தேன். பழைய சட்டை என்று அவ விட்டுப்போனது மூன்று. ஒன்றில் சீமெந்து காய்ந்து கல்லாகிவிட்டது. ஒன்று கக்கத்தில் கிழிந்து கிடக்கிறது. இரண்டும் நான் முறைக்குப் போட்டுப் போனதில். மூன்றாவது என் உடம்பில்.

கழற்றிவிட்டு என்னுடையதைப் போட்டுக்கொண்டேன். சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கசக்கினேன். வெளியே கொடியில் போட ஏலாது. வீட்டுக்குள் யன்னலுக்கு யன்னல் கயிறு கட்டி விரித்தேன்.

துளசி கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இது ஆருட சட்டை?"

"அம்மாட."

"நீதானே போடுற."

"இனி இல்ல" என்றேன்.